வாசலில் திரும்பியிருந்த செருப்பு

வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். குளியலறை விளக்கை அணைக்கவில்லை. காலையில் அம்மா பார்த்தால் திட்டுவார். திட்டினால் திட்டட்டும்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பயம். பல்லி, லிஃப்ட், மிக்ஸி திடீரென்று ஓடுவது, வகுப்பில் என்னை எழுப்பிக் கேள்வி கேட்பது, எல்லாமே பயம். அதனால் பள்ளியில் என் பட்டப்பெயர் தொடைநடுங்கி. அந்தப் பெயரை எனக்கு வைத்தவன் கேப்டன்.

கேப்டன் எனக்கு நேர் எதிர். அவன் எதற்கும் பயப்பட மாட்டான். நாய் துரத்தினால் ஓட மாட்டான். நின்று, "என்ன?" என்று கேட்பான். நாய் குழம்பிப்போய்த் திரும்பிவிடும்.

அப்படிப்பட்டவன்தான் எங்கள் பேய்ப் படத்துக்கு டைரக்டர். வினையே அங்கேதான் இருந்தது. அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் குறும்பட நாள் என்று அறிவித்தார்கள். பிள்ளைகளே படம் எடுக்க வேண்டும். பள்ளி அரங்கத்தில் பெரிய திரையில் போடுவார்கள். எல்லா வகுப்பும் பார்க்கும், வீட்டுப் பெரியவர்களும் வரலாம். ஒரே ஒரு விதி உண்டு. அதற்கு முன்னால் நாலு பேருக்காவது படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டுச் சரிசெய்துகொண்டு வர வேண்டும்.

"சரிசெய்யறதுக்கு என்ன இருக்கு? நாம சரியாத்தானே எடுப்போம்?" என்றான் கேப்டன்.

கேமரா அவன் கையில். நான் எடிட்டிங். ஒரு மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் தனியாக மாட்டிக்கொள்ளும் பையனாக என் தம்பி வாண்டு நடித்தான். பேயாக நடித்தவள் ஒட்டடைக்குச்சி.

ஒட்டடைக்குச்சி என் உயிர்த்தோழி. வகுப்பிலேயே அவள்தான் உயரம், அவள்தான் ஒல்லி. சுருக்கமாக ஒட்டடை என்போம். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். பள்ளி நாடகங்களில் அவளுக்கு எப்போதும் ஒரே வேஷம்தான். மரம்.

"முதல் தடவையா எனக்குக் கை கால் ஆட்டுற வேஷம் கிடைச்சிருக்குடி!" என்று குதித்தாள். அவளுடைய அப்பா லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கும் நாட்களைவிட வெளியூரில் இருக்கும் நாட்கள்தான் அதிகம். மகள் நடித்த படத்தைப் பார்க்க லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

கதை இதுதான். பையன் தனியாக இருக்கிறான். மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் யாரும் இல்லை. மறுபடியும் மணி. மறுபடியும் யாரும் இல்லை. பிறகு விளக்கு அணைகிறது. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வெள்ளைப் போர்வையும் விரித்த முடியுமாகப் பேய் பாய்கிறது. படத்துக்குக் கேப்டன் வைத்த பெயர், 'ரத்தப் பேயின் ராத்திரி'. படத்தில் ரத்தமே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு டி.வி.யில் படத்தைப் போட்டோம். என் மாமா வந்திருந்தார். கேப்டனின் அத்தை வந்திருந்தார். பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டிருந்தோம், பரீட்சை என்று வரவில்லை. கீழ்வீட்டுத் தையல்கார அக்கா, தன் சின்ன மகள் பட்டாணியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் வெட்டி ஒட்டிய படத்தை நான்கு பேர் உட்கார்ந்து பார்ப்பதா? என்னால் திரையைப் பார்க்கவே முடியவில்லை. டி.வி.க்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். அதனால் படத்துக்குப் பதில் அவர்களுடைய முகங்கள்தான் எனக்குத் தெரிந்தன.

முதல் மணி அடித்தது. மாமா பிஸ்கட்டை எடுத்தார். வாண்டு கணக்குப் போடும் காட்சி வந்தது. மாமா போனை எடுத்தார். கேப்டனின் அத்தை எங்கள் சோஃபா உறையைத் தடவிப் பார்த்தார்.

இரண்டாவது மணி. வாண்டு கதவைத் திறந்தான். வெறும் வாசல். அப்போது பட்டாணி, தொங்கப்போட்டிருந்த இரண்டு கால்களையும் சட்டென்று சோஃபாவுக்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

எனக்கு அது விநோதமாக இருந்தது. பேய் இன்னும் வரவே இல்லையே?

பிறகு பேய் வந்தது. பெரிய இசை. ஒட்டடை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பாய்ந்தாள்.

"அட, இது நம்ம ஒட்டடைல்ல! என்னம்மா, பவுடர் டப்பாவுக்குள்ள விழுந்துட்டியா?" என்றார் மாமா.

வீடே சிரித்தது. பட்டாணிகூடச் சிரித்தாள். சமையலறை வாசலில் நின்ற ஒட்டடையும் சிரித்தாள். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்கு முன்பே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அதை நான் பார்த்துவிட்டேன்.

படம் முடிந்ததும் கேப்டன் ஆளுக்கொரு துண்டுச்சீட்டைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னான். தையல்கார அக்கா, 'நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். அத்தை, 'சூப்பர். சோஃபா உறை எங்கே வாங்கியது?' என்று எழுதியிருந்தார். மாமா, 'பையன் இளைத்துவிட்டான். நன்றாகச் சாப்பிட வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

"பார்த்தீங்களா? யாரும் ஒரு குறைகூடச் சொல்லல," என்றான் கேப்டன்.

"சிரிச்சாங்களே?" என்றேன்.

"பயத்துல சிரிச்சிருப்பாங்க."

"மாமாவா? பிஸ்கட்டை மென்னுக்கிட்டா?"

கேப்டன் சீட்டுகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். ஒட்டடைதான், "இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டா சரியாயிடும்," என்றாள்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், ஸ்கூல்லயும் இப்படித்தான் சிரிப்பாங்களாடி? அப்பா வேற வர்றாரு. அவர் முன்னாடி எல்லாரும் சிரிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அரங்கம் முழுக்கச் சிரிப்பது போலவும், நடுவில் ஒட்டடையின் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது போலவும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கீழ்வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து பட்டாணி பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"பட்டாணி, படம் பயமா இருந்துச்சா?"

"பேயா? அது ஒட்டடை அக்காதானே. எனக்கென்ன பயம்?"

"அப்புறம் ஏன் காலை மேல தூக்கி வெச்சுக்கிட்ட?"

அவள் பொத்தான்களைக் கீழே வைத்தாள். வெளியே எட்டித் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் காதோடு காதாகச் சொன்னாள்: "செருப்பு திரும்பிடுச்சுக்கா."

"எந்தச் செருப்பு?"

"வாசல்ல இருந்துச்சே. அங்க யாருமே இல்ல. அப்புறம் யாருக்கா திருப்பி வெச்சது?"

மெஷினில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்து மாடிக்கு ஓடினேன். கேப்டனை வரச்சொல்லிப் படத்தை மறுபடி போட்டோம்.

முதல் முறை கதவு திறக்கும்போது வாசலில் அம்மாவின் செருப்பு கிடந்தது. அதன் முன்பக்கம் மாடிப்படியைப் பார்த்திருந்தது. இரண்டாவது முறை கதவு திறக்கும்போது அதே செருப்பின் முன்பக்கம் எங்கள் வீட்டைப் பார்த்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத யாரோ அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வர நிற்பதுபோல.

நாங்கள் இந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்திருந்தோம். கதை எங்களுக்குத் தெரியும் என்பதால் வாண்டுவின் முகத்தைத்தான் பார்த்தோமே தவிர, தரையைப் பார்க்கவே இல்லை.

"ஐயையோ, பெரிய தப்பு!" கேப்டன் தலையில் கைவைத்துக்கொண்டான். "டேய் வாண்டு, ஷூட்டிங் நடுவுல செருப்பைத் தொட்டியா?"

"ஐஸ் வாங்கக் கீழ போனேன். அம்மா செருப்பைத்தான் போட்டுட்டுப் போனேன். வந்து அப்படியே கழட்டி விட்டேன்."

"போச்சு! மறுபடியும் எடுக்கணும்."

"வேணாம் கேப்டன்," என்றேன். "இந்தப் படத்துல பயமா இருக்கறது இது ஒண்ணுதான்."

"செருப்பா? செருப்பைப் பார்த்து எவனாவது பயப்படுவானா?"

"நான் பயப்படுவேன். உனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. நிஜப் பேயே வந்தாலும் 'என்ன?'ன்னு கேப்ப. எனக்குத் தெரியும். பேய் எதிர்ல வந்து நின்னா கத்திட்டு ஓடிடலாம். அது வர்றதுக்கு முன்னாடிதான் உயிர் போகும். எங்க இருக்குன்னே தெரியாதே, எந்தப் பக்கம் ஓடுறது?"

நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. தலையைச் சொறிந்தான். படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான்.

"சரி, நீ சொல்றதும் சரிதான். அப்ப பேயே வேணாம். தூக்கிடலாம்."

"ஒட்டடை?"

கேப்டன் கேமரா ஸ்டாண்டின் திருகை இறுக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"வெட்டப் போறது நீதானே? நீயே அவகிட்ட சொல்லிடு."

எதற்கும் பயப்படாத கேப்டன்!

மழை வரும்போல இருந்ததால் குடையை எடுத்துக்கொண்டு ஒட்டடை வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீடு கடைசி மாடியில். போகும்போது படிக்கட்டில் வெளிச்சம் இருந்தது.

ஒட்டடை அந்த வெள்ளைப் போர்வையைத் துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் அவளுடைய அப்பா பேசிக்கொண்டிருந்தார். "பாப்பா, முன்னாடி வரிசையா பார்த்து எனக்கு ஒரு இடம் பிடிச்சு வை. உன் மூஞ்சி நல்லாத் தெரியணும்."

நான் போர்வையின் ஒரு முனையை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"என்னடி, என்னமோ சொல்லணும்னு வந்த?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடு."

தண்ணீரைக் குடித்தேன். கிளம்பிவிட்டேன்.

இறங்கும்போது நன்றாக இருட்டியிருந்தது. நடுமாடி விளக்கு எரியவில்லை. கைப்பிடியைத் தடவிக்கொண்டே இறங்கினேன். அப்போதுதான் மேலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

சரக்... டப். சரக்... டப்.

நின்றேன். சத்தமும் நின்றது.

இரண்டு படி இறங்கினேன். சரக்... டப்.

அப்படியே படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா!" என்று அலறினேன்.

"ஏய் தொடைநடுங்கி! நான்தான்டி. குடையை மறந்துட்டுப் போற!"

ஒட்டடை! போன் வெளிச்சத்தை அடித்தாள். என் கண் முதலில் பார்த்தது அவள் கால்களைத்தான். படகு மாதிரி இரண்டு பெரிய தோல் செருப்புகள்.

"இது யாரோட செருப்பு?"

"அப்பாவோடது. பழசு. அவர் ஊர்ல இல்லாதப்ப நான்தான் போட்டுக்குவேன். பெருசா இருக்கறதால இழுத்து இழுத்துத்தான் நடக்கணும். ஏன்டி, உனக்கு இப்படி வேர்த்திருக்கு?"

அந்தப் படியிலேயே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டாணி காலைத் தூக்கியது, செருப்பு திரும்பியிருந்தது, பேயை எடுத்துவிடலாம் என்று நினைப்பது, எல்லாம்.

அவள் குனிந்து அந்தப் பெரிய செருப்பின் வாரை இழுத்து இழுத்து விட்டாள்.

"அப்ப நான் மறுபடியும் மரம்தானா?"

"மரம் நடக்குமாடி? நீ நடந்ததைக் கேட்டு நான் செத்துப் பிழைச்சேன். உன் மூஞ்சி வராது. ஆனா படம் முழுக்க அந்தச் சத்தம் நீதான், அந்தச் செருப்பும் நீதான். வேணாம்னா சொல்லு. நான் எதையும் வெட்ட மாட்டேன். கேப்டன்கிட்ட நானே பேசிக்கறேன்."

ஒட்டடை எழுந்தாள். "கண்ணை மூடிக்கோ," என்றாள். போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு மேலே போனாள்.

சரக்... டப். சரக்... டப்.

நான் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். சத்தம் என் காதுக்குப் பின்னால் வந்து நின்றது. நான், "போதும்டி, போதும்டி!" என்று கெஞ்சினேன்.

"நான்தான்னு தெரிஞ்சுமா பயப்படுற?"

"தெரிஞ்சும்தான்!"

அவள் சிரித்தாள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு பாதியில் நிற்கவில்லை. "சரி. ஆனா கடைசியில என் பேரு பெரிய எழுத்துல வரணும். சொல்லிட்டேன்."

மறுபடியும் எடுத்தோம். முதல் மணிக்கு வாண்டு கதவைத் திறக்கிறான். யாரும் இல்லை. வாசலில் யாருடையதோ பெரிய செருப்பு, படிக்கட்டைப் பார்த்தபடி. கதவைச் சாத்துகிறான். சரக்... டப். மறுபடி மணி. திறக்கிறான். செருப்பு வீட்டைப் பார்த்தபடி. பயந்துபோய்த் தாழ்ப்பாள் போடுகிறான். சத்தம் நின்றுவிடுகிறது. மெதுவாகத் திறந்து பார்க்கிறான். செருப்பைக் காணோம். நிம்மதியாகக் கதவைச் சாத்துகிறான். அப்போது அவன் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, சரக்... டப்.

அவ்வளவுதான். திரை இருட்டு.

மாமா போனை எடுத்த கணக்குக் காட்சியை வெட்டினேன். அத்தை சோஃபா உறையைத் தடவத் தொடங்கிய இடத்தையும் வெட்டினேன். பிறகு, பரீட்சை முடிந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் போட்டுக் காட்டினோம். சீட்டு எதுவும் கொடுக்கவில்லை. நான் அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது மணிக்குக் கால்கள் மேலே போயின. ஆனால் கடைசியில், "செருப்பு எங்க போச்சு? நான் சரியாப் பார்க்கல," என்றார். வெறும் வாசல் அவர் கண்ணில் பதியவே இல்லை. அதனால் அந்தக் காட்சியை இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கும்படி நீட்டினேன். பட்டாணியையும் கூப்பிட்டோம். "வரவே மாட்டேன்," என்று மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

"கருத்துன்னா இதுதான் கருத்து," என்றான் கேப்டன்.

இன்று மாலை பள்ளி அரங்கம். ஒட்டடையின் அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். ஒட்டடை அவர் பக்கத்தில் இருந்தாள். அவரிடம் விஷயத்தைச் சொன்னாயா என்று சைகையில் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

விளக்குகள் அணைந்தன. நான் திரைக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி நின்றேன்.

முதல் மணி. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் பெரிய பையன்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். போச்சு என்று நினைத்தேன்.

சரக்... டப்.

சிரிப்பு நின்றது.

கதவு திறந்தது. செருப்பு திரும்பியிருந்தது. அந்த இருட்டில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் என்னவென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. வரிசை வரிசையாக எல்லோரும் கால்களைத் தரையிலிருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிச் சத்தம் வந்தபோது முன்வரிசையில் ஒரு டீச்சர் பக்கத்து டீச்சரின் மடியில் ஏறிவிட்டார்.

திரை இருண்டது. யாரும் கைதட்டவில்லை. யாரும் அசையக்கூட இல்லை. பிடிக்கவில்லையா? கோபமா?

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அட! அது என் செருப்புல்ல!"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகக் கைதட்டலும் சேர்ந்துகொண்டது. திரையில் பெரிய எழுத்துகள் வந்தன: 'செருப்புக்குள் நடந்தவர் ஒட்டடைக்குச்சி.'

அவளுடைய அப்பா எழுந்தே நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்களிடமெல்லாம், "நடை என் பொண்ணு நடைதாங்க! ஆரம்பத்துலயே நினைச்சேன்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டடை அவருடைய சட்டையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தாள். அவள் முகம் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாகச் சிரித்தது.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டார். "ஆளையே காட்டாம எப்படிம்மா இவ்வளவு பயமுறுத்துனீங்க?"

"எல்லாம் இவ வேலைப்பா," என்றாள் ஒட்டடை. "எங்க ஸ்கூல்லயே ஒழுங்கா பயப்படத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான்."

இதெல்லாம் நடந்து முடிந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் செருப்பு ஒட்டடை வீட்டில் இருக்கிறது. சத்தத்தைப் படத்தில் சேர்த்ததே நான்தான். எல்லாம் தெரியும். இருந்தாலும் எங்கள் வாசலில் அம்மாவின் செருப்பு இப்போது எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இதோ, போன் அதிர்கிறது. தூக்கிவாரிப் போட்டுவிட்டது. கேப்டன்.

'தூங்கிட்டியா?'

'இல்ல. ஏன்?'

அவன் ஏதோ எழுதுகிறான், அழிக்கிறான், மறுபடி எழுதுகிறான்.

'சும்மாதான். எங்க வீட்டுச் செருப்பை எல்லாம் உள்ள எடுத்து வெச்சுட்டேன். நீயும் வெச்சுடு.'

நான் அதை இரண்டு தடவை படித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சரி, போய்க் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு வருகிறேன்.